பெட்டை ஃபெரெட் ஆண்டுதோறும் ஈன்றுதான் ஆகவேண்டுமா?

மார்ச் 11: வாசகர் ஒருவரின் கேள்வி

முயல் வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டும், கீரி போன்ற சிறு வளர்ப்பு விலங்கான ஃபெரெட்டில் இரண்டு பெட்டையும் ஒரு கடுவனும் (ஆண்) முயல் பிடிப்பதற்காக வைத்திருக்கிறேன். வசந்தத்தில் பருவத்துக்கு வரும் பெட்டையைக் கடுவனோடு சேர்க்காமல் விட்டால் அது செத்துவிடும் என்று எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் அழுத்தமாகச் சொன்னார். அதனால் ஆண்டுதோறும் இரண்டையும் சேர்த்துவிடுகிறேன். சென்ற ஆண்டுக் குட்டிகளில் பாதிக்குமேல் இன்னும் என் கூண்டுகளில்தான் இருக்கின்றன, கேட்பார் இல்லை. இந்த ஆண்டும் பெட்டைகளுக்குப் பருவத்தின் அடையாளமாக வாலடியில் பிறப்புறுப்பு வீக்கம் தொடங்கிவிட்டது. சேர்க்காமல் இருக்க வழி உண்டா, அல்லது அது பெட்டையைக் கொல்வதற்குச் சமமா?

மார்ச் 11, இரவு

உங்களுக்குக் கற்றுத்தந்தவர் சொன்னதில் பாதி உண்மை. பெட்டையைப் பருவத்திலேயே நீடிக்கவிட்டால் உயிருக்கு ஆபத்து என்பது உண்மை. அதைத் தடுக்க அது ஈன்றுதான் ஆகவேண்டும் என்பது உண்மையல்ல.

ஃபெரெட் பெட்டைக்குக் கருமுட்டை தானாக வெளிப்படுவதில்லை. கடுவன் பிடரியைக் கவ்விப் பிடித்து இழுத்து, சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சேர்ந்த பிறகே, அந்தத் தூண்டுதலால் முட்டை வெளிவருகிறது. அது நிகழாதவரை பருவம் முடிவதில்லை. வடகோளத்தில் மார்ச் வாக்கில் தொடங்கும் பருவம், பகல் குறுகத் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் ஆகும்வரை இழுத்துக்கொண்டே போகலாம். அத்தனை மாதங்களும் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தே இருக்கும். அது எலும்பு மஜ்ஜையை ஒடுக்குகிறது. சிவப்பணு, வெள்ளையணு, இரத்தத் தட்டு என எல்லாமே குறைந்து, கடுமையான இரத்தச்சோகையிலும் உள்ளே இரத்தம் கசிவதிலும் போய் முடிகிறது. நீண்ட பருவத்தில் விடப்படும் பெட்டைகளில் ஏறக்குறைய பாதிக்கு இந்த நிலை வருவதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. மற்ற பாதி தப்பிக்கிறது என்பதால்தான், "என் பெட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களையும் நீங்கள் சந்திப்பீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் பெட்டையை ஜூலை இறுதியில் கையில் எடுத்துப் பார்த்தேன். வாலிலும் இடுப்பிலும் முடி உதிர்ந்திருந்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறுகளில் சிவப்பே இல்லை. வயிற்றுத் தோலில் ஊசி முனையளவு செம்புள்ளிகள் இருந்தன. தரையில் விட்டதும் பின்கால்களைத் தூக்கி வைக்க முடியாமல் தடுமாறியது. அந்த நிலைக்கு வந்த பிறகு மருந்து கொடுத்துப் பருவத்தை நிறுத்தினாலும் மஜ்ஜை மீள்வது அரிது. அது மீளவில்லை.

ஆகவே உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் உயிரைக் காப்பது குட்டி ஈனுவது அன்று, பருவம் முடிவது. பருவத்தை முடிக்க வேறு வழிகள் உள்ளன. அவற்றை நாளை மறுநாள் விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 12

ஒரு கணக்கு. ஃபெரெட் ஓர் ஈற்றில் சராசரியாக எட்டுக் குட்டிகள் போடும். ஒன்றும் போடலாம், பத்துக்கு மேலும் போடலாம். எட்டில் நான்கு பெட்டை என்று கொள்வோம். ஆண்டுக்கு ஒரே ஈற்று, எல்லாம் பிழைக்கின்றன, எல்லாப் பெட்டைகளையும் "செத்துவிடும்" என்று அஞ்சிச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் ஒரு பெட்டைக்கு 8 குட்டிகள். இரண்டாம் ஆண்டில் ஐந்து பெட்டைகளுக்கு 40. மூன்றாம் ஆண்டில் இருபத்தைந்து பெட்டைகளுக்கு 200. நடைமுறையில் இவ்வளவு பிழைப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பின் கூண்டு போதவில்லை என்று ஒருவர் எழுதும்போது அது அவருடைய துரதிருஷ்டம் அல்ல, இந்தப் பெருக்கல்தான்.

முயல் பிடிக்கும் ஒருவருக்கு வேலைக்குத் தேவைப்படுவன இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கைந்து ஃபெரெட்டுகள். அவை ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழும். அவற்றில் பல ஐந்தாவது வயதிலும் நன்றாகவே வேலை செய்யும். அப்படியானால் ஒருவருக்குப் புதிய குட்டிகள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மார்ச் 14

பருவத்தை முடிக்கும் வழிகள். என் அனுபவத்தில் ஒவ்வொன்றுக்கும் இடமும் உண்டு, விலையும் உண்டு.

முதலாவது, விந்துக்குழாயை அறுத்துக் கட்டிய கடுவன். அதற்கு விதை இருக்கும், வேகம் இருக்கும், பெட்டையை முறையாகச் சேரும். ஆனால் சினை பிடிக்காது. சேர்ந்த பின் பெட்டைக்கு முட்டை வெளிப்பட்டு, ஏறக்குறைய ஆறு வாரம் பொய்ச்சினை நிற்கும். வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் வற்றிவிடும். பொய்ச்சினை முடிந்ததும் பகல் இன்னும் நீண்டிருந்தால் மறுபடி பருவத்துக்கு வரும். அதனால் ஒரு கோடைக்கு இரண்டு மூன்று முறை சேர்க்க வேண்டியிருக்கலாம். அறுவை முடிந்த உடனே அந்தக் கடுவனைப் பெட்டையிடம் விடக்கூடாது. குழாயில் எஞ்சிய விந்து உயிரோடு இருக்கும் என்பதால் ஏழெட்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். இதைப் பொறுக்காமல் விட்டுவிட்டு, அறுவையே பலிக்கவில்லை என்று மருத்துவரைக் குறைகூறியவர்கள் உண்டு.

இந்த வழியில் எனக்குள்ள ஒரே கவலை, ஒரு கடுவனைப் பல வீடுகளுக்கும் இரவல் கொடுக்கும் பழக்கம். சேர்க்கையின்போது பிடரியில் பல் பதியும், இரத்தம் கசியும். அலூஷியன் நோய் என்னும் பார்வோ வைரஸ் நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரு கடுவன் ஊர் ஊராகப் போனால் அதுவும் கூடவே போகும். இரவல் கொடுக்கவும் வாங்கவும் முன்னால் இரு தரப்பு விலங்குகளுக்கும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஊசி. புரோலிஜஸ்டோன் என்னும் ஹார்மோன் ஊசியைப் பருவம் தொடங்கும் முன்போ தொடங்கிய உடனேயோ போட்டால் பெரும்பாலும் அந்தக் கோடை முழுவதும் தாங்கும். சில பெட்டைகளுக்கு இலையுதிர் காலத்துக்கு முன் பருவம் திரும்பக்கூடும் என்பதால், ஊசி போட்டாயிற்று என்று கண்ணை மூடிக்கொள்ளாமல் வாரம் ஒருமுறை வாலடியைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பெட்டைகள் மட்டுமே வைத்திருப்பவருக்கு இது எளிய வழி.

மூன்றாவது, டெஸ்லோரெலின் உள்வைப்பு. தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி. ஓராண்டுக்குமேல், பலவற்றில் இரண்டாண்டு வரைகூடப் பருவத்தை அடக்கிவைக்கும். கடுவனுக்கும் வைக்கலாம், நாற்றமும் சண்டையும் குறையும்.

நான்காவது, அறுவை செய்து கருப்பையையும் சூலகங்களையும் நீக்குவது. இனி ஒருபோதும் ஈனவேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்த பெட்டைக்கு இதுவே முற்றான தீர்வாக நீண்டகாலம் கருதப்பட்டது. ஆனால் இனப்பெருக்க உறுப்புகள் நீக்கப்பட்ட ஃபெரெட்டுகளில், பெட்டையானாலும் கடுவனானாலும், மூளையிலிருந்து வரும் தூண்டல் ஹார்மோன்களைத் தடுக்க ஆள் இல்லாமல் போகிறது. அவை அட்ரீனல் சுரப்பியைத் தொடர்ந்து தூண்டி, நடுவயதில் முடி உதிர்தல், அரிப்பு, கட்டி என்று கொண்டுபோய் விடுகின்றன. இந்தக் காரணத்தாலேயே மருத்துவர்கள் பலர் இப்போது அறுவையைவிட உள்வைப்பைப் பரிந்துரைக்கிறார்கள்.

உங்கள் இரண்டு பெட்டைகளுக்கும் வீக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்பதால் நேரம் இருக்கிறது. இந்த வாரமே ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்ச் 15

இன்னொரு வாசகர் கேட்கிறார்: "பெட்டைகளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? கடுவன்களுக்கெல்லாம் காயடித்துவிட்டால் போதாதா?"

போதாது. ஒரு முழுக் கடுவன் ஒரு வசந்தத்தில் பல பெட்டைகளைச் சினையாக்கும். பத்துக் கடுவனில் ஒன்பதுக்குக் காயடித்தாலும் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கலாம். எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை பெட்டைகள்தாம். அதைவிட முக்கியம், கடுவனே இல்லாத வீட்டில் பெட்டையின் பருவச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை; கூடுகிறது.

ஆனால் கடுவன்களின் நலனுக்காக அதைச் செய்வதை நான் ஆதரிக்கிறேன். முழுக் கடுவனுக்குக் குளிர்காலக் கடைசியிலேயே விதை இறங்கி, ரோமம் எண்ணெய்ப் பிசுக்கேறி மஞ்சளாகி, மற்றக் கடுவனைக் கண்டாலே பாயும். அதனால் பாதி ஆண்டு தனிக்கூண்டில் கிடக்கிறது. இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்காத கடுவனை அந்தத் தனிமையில் வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மார்ச் 15, பின்னேரம்

"ஃபெரெட் அழியும் இனம் அல்லவா, பெருக்குவது நல்லதுதானே" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு விலங்கு. அழிவின் விளிம்பில் நின்றது வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட். 1981இல் வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்சி என்னும் ஊரருகே ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டு, நோயால் அதுவும் சரிந்தபோது எஞ்சிய 18 விலங்குகளை 1987க்குள் பிடித்துக் காப்பிடத்தில் வளர்த்தார்கள். இன்றுள்ளவை ஏறக்குறைய அனைத்தும் அவற்றில் ஏழின் வழிவந்தவை. நம் கூண்டில் இருப்பது போல்கேட் என்னும் ஐரோப்பியக் காட்டு விலங்கிலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி எடுத்த வீட்டு விலங்கு. அதற்கு எண்ணிக்கைப் பஞ்சம் இல்லை.

மார்ச் 21

சேர்க்காமல் இருப்பதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் மனம் வருந்தியிருக்கிறார். வேலை ஃபெரெட்டுகளின் நல்ல வழி அற்றுப்போக வேண்டும் என்பது என் விருப்பமன்று. சொல்லப்போனால், கண்டபடி பெருக்குவதால்தான் நல்ல வழி கெடுகிறது. ஆகவே எதைச் சேர்க்கலாம் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் அது வேலை செய்திருக்க வேண்டும். வளையில் விட்டால் நின்று நிதானித்து முகர்ந்து உள்ளே போவது, முயலை வலைப்பக்கம் விரட்டுவது, பிறகு தானே வெளியே வந்து கைக்கு நிற்பது என்னும் மூன்றையும் வேட்டைப் பருவம் முழுதும் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வளைவாயில் தலை தெரியும். கையை நீட்டியதும் பின்வாங்கி உள்ளே போய்விடும். மறுபடி தலை காட்டும். இந்தக் குணமுள்ள ஃபெரெட்டோடு வேலைசெய்தவர்களுக்குத் தெரியும், குளிரில் மணிக்கணக்காக மண்ணில் முழங்காலிட்டுக் காத்திருப்பது என்னவென்று. இது வளர்ப்பில் வந்த பயமாகவும் இருக்கலாம், பிறப்பில் வந்ததாகவும் இருக்கலாம். எதுவென்று பிரித்தறிய முடியாதபோது அந்த விலங்கைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.

முதல் வசந்தத்திலேயே பெட்டைக்குச் சேரும் வயது வந்துவிடுகிறது என்பதால், இந்தச் சோதனைக்குக் காலம் கொடுக்க வேண்டுமானால் அந்த முதல் வசந்தத்தை ஊசியாலோ வேறு வழியாலோ கடக்க வேண்டும். நான் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்த பிறகே முடிவெடுக்கிறேன்.

அடுத்தது உடல். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். கால்கள் நேராக, மார்பு ஆழமாக, உடல் நீண்டு வளைய வேண்டும். பெட்டை சிறிதாக இருப்பது வேலைக்கு நல்லது; முயலுக்காக வளைவாயில் விரிக்கும் பை வலையின் கண்ணிகளைக் குலைக்காமல் நழுவிப் போகும்.

பிறகு செவி. நெற்றியிலிருந்து பிடரிவரை வெள்ளைப் பட்டை ஓடும் ஃபெரெட்டுகளிலும் தலை முழுதும் வெண்மையானவற்றிலும் பிறவிச் செவிடு மிகுதி. பார்வைக்கு அழகாக இருப்பதால் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. செவிட்டு ஃபெரெட்டை அன்போடு வளர்க்கலாம், அது நல்ல துணை. ஆனால் அதைச் சேர்த்துக் குட்டி எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கோரா எனப்படும் நீண்ட ரோம வகையும் அப்படியே: மூக்கமைப்பில் குறையும், தாய்க்குப் பால் போதாமையும் அந்த வழியில் அறியப்பட்டவை.

மார்ச் 22

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது ஒன்றை அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று தோன்றியது. சிறிய பெட்டை நல்லது என்றேன். தலைமுறைதோறும் ஆகச் சிறியதையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால், பெரிய கடுவனின் குட்டிகளைச் சுமக்கும்போது ஈற்றில் சிக்கல் வரும். நான் நடுத்தர உடலையே தேடுகிறேன்.

கடிக்கும் குணத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கைபடாமல் வளர்ந்த குட்டி கடிக்கும். அது வளர்த்தவரின் பொறுப்பு. நன்றாகக் கைபழகியும் பிடித்தால் விடாமல் கடிக்கிற விலங்கை மட்டும் குணத்தின் பேரில் ஒதுக்குங்கள்.

ஏப்ரல் 6

சேர்ப்பதென்று முடிவெடுத்தவர்களுக்கு.

அண்ணன் தங்கையைச் சேர்ப்பது, தகப்பனுக்கு மகளைச் சேர்ப்பது ஆகியவை வேலை ஃபெரெட் வட்டாரத்தில் இன்னும் நடக்கின்றன. வழி தூய்மையாக இருக்குமாம். ஈற்றில் குட்டிகள் குறைவதும், பிறந்தவை நோஞ்சானாக இருப்பதும், மறைந்திருந்த குறைகள் வெளிப்படுவதும்தான் அதன் பலன். எந்தக் குட்டி எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது என்பதை எழுதிவைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். நினைவில் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு நான்காம் ஆண்டில் நினைவு இருப்பதில்லை.

பெரும்பாலான நெருக்கச் சேர்க்கை திட்டமிட்டு நடப்பதே இல்லை. கோடையில் பிறந்த குட்டிகள் குளிர்காலம் முழுதும் ஒரே கூண்டில் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. பார்க்க இதமாக இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் தங்கைகள் சினையாகிவிடுகின்றன. ஆண்டு முடிவதற்குள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும்.

கூடத்தில் மின்விளக்கு எரியவிடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். ஃபெரெட்டின் பருவம் பகலின் நீளத்தைப் பார்த்து நடப்பது. மாலையில் பல மணி நேரம் விளக்கெரியும் கொட்டகையில் பெட்டை முன்கூட்டியே பருவத்துக்கு வரும், இலையுதிர் காலத்திலும் விடாது.

சேர்க்கும் நாளுக்கு: வீக்கம் தொடங்கிய உடனே சேர்க்காமல், முழுதாக வீங்கிய பிறகு, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்தில், பெட்டையைக் கடுவனின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது சண்டை போலத் தோன்றும், பெட்டை அலறும், கடுவன் அதன் பிடரியைப் பிடித்து இழுத்துச் செல்லும். பிரித்துவிடத் தோன்றும். பிரிக்க வேண்டாம், ஆனால் அருகில் இருங்கள். பிடரியில் ஆழமான காயம் இருந்தால் கழுவி மருந்திடுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு வீக்கம் வற்றத் தொடங்காவிட்டால் முட்டை வெளிப்படவில்லை என்று பொருள்.

சேர்ப்பதற்கு முன்பே டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசி, அலூஷியன் சோதனை இரண்டும் முடிந்திருக்க வேண்டும். டிஸ்டெம்பர் தொற்றிய ஃபெரெட் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

மே 3

சினை நாட்கள் 41 அல்லது 42. கடைசி இரண்டு வாரங்களில் ஒரு நாள் உணவு தவறினாலும் பெட்டையின் உயிருக்கு ஆபத்து வரலாம், அதிலும் குட்டிகள் நிறைய இருந்தால். வயிற்றில் இடமில்லை, தேவையோ மிகுதி. உடல் தன் கொழுப்பை அவசரமாகக் கரைக்கப் போய்ச் சினை நச்சேற்றம் வருகிறது. வேலைக்குப் போகும் முன் ஃபெரெட்டைப் பசியோடு வைப்பது பழைய வழக்கம். சினைப் பெட்டையிடம் அந்த வழக்கத்தின் நிழல்கூடப் படக்கூடாது. இறைச்சி எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

ஈன்ற முதல் சில நாட்கள் கூட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கலவரப்பட்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடும். வெளியிலிருந்து காதைக் கொடுத்தால் போதும். பால் குடித்து நிறைந்த குட்டிகள் அமைதியாக இருக்கும். இடைவிடாத மெல்லிய கீச்சொலி கேட்டால் பால் போதவில்லை என்று கொள்ளலாம்.

குட்டிகள் பிறக்கும்போது பத்து கிராம் அளவுதான் இருக்கும். கண் திறக்க ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். ஆனால் மூன்று வாரத்திலேயே, கண் மூடியபடியே, தாய் இழுத்துவந்து போட்ட இறைச்சியை நோக்கி ஊர்ந்து வரும். இன்னும் முளைத்தும் முளைக்காத பல்லால் நார் ஒன்றைப் பற்றிக்கொண்டு, பின்கால் நழுவ நழுவ, தன்னைவிடப் பெரிய துண்டை இழுத்துப் பார்க்கும். அந்த நாட்களில்தான் கையைப் பழக்க வேண்டும். தினமும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மனித வாசனை உணவோடும் வெப்பத்தோடும் சேர்ந்தே வரும்படி செய்தால், பின்னால் வளைவாயில் நீட்டிய கையைக் கண்டு பின்வாங்காது. எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும்.

மே 19

வந்த பின்னூட்டங்களில் கடுமையானது ஒன்று. "எங்கள் தாத்தா காலத்தில் பிறந்த அன்றே இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்கள். பெட்டையும் பிழைத்தது, எண்ணிக்கையும் கூடவில்லை. இதில் என்ன தவறு?"

பழைய காலத்தில் ஊசியும் உள்வைப்பும் இல்லை. இருந்ததை வைத்துச் செய்தார்கள். இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. வேண்டாத குட்டியை உருவாக்கிக் கொல்வதைவிட உருவாக்காமல் இருப்பது எளிது என்னும்போது, முதலாவதைத் தேர்ந்தெடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. இரக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அது பயனும் தராது. ஈற்று முழுதும் போய்விட்ட பெட்டை இரண்டு வாரம் போல் ஆனதும் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். எந்த ஆபத்துக்கு அஞ்சிச் சேர்த்தீர்களோ அது ஜூன் மாதத்திலேயே திரும்பி வந்து நிற்கும். பால் கட்டி மடிநோய் வருவது தனி.

இதே விதி, குட்டிகளை முறையாக வளர்த்தவர்களுக்கும் பொருந்தும். பால்குடி மறந்த பின் பகல் நீண்டிருந்தால் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். அப்போது மறுபடி கடுவனிடம் விட்டு ஒரே கோடையில் இரண்டு ஈற்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டையின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று. இரண்டாம் பருவத்தை ஊசியாலோ குழாய் அறுத்த கடுவனாலோ முடித்துவையுங்கள்.

ஜூன் 15

குட்டிகளுக்கு இடம் தேடுவது பிறந்த பிறகு செய்யும் வேலை அன்று. சேர்ப்பதற்கு முன்பே யார் யார் வாங்குகிறார்கள் என்று பெயர் பெயராகத் தெரிந்திருக்க வேண்டும். "குட்டி போட்டால் சொல்லுங்கள்" என்பவர்களில் பலர் குட்டி போட்டதும் தொலைபேசியை எடுப்பதில்லை. வேலை செய்யும் நிலம் உண்டா, பழைய ஃபெரெட் எதுவரை வாழ்ந்தது, பெட்டையின் பருவத்தை எப்படிக் கையாளப் போகிறார் என்று மூன்று கேள்விகள் கேட்பேன். மூன்றாவதற்கு விடை தெரியாதவருக்குப் பெட்டைக் குட்டி தருவதில்லை. என்றைக்கு வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும், எத்தனை வயதானாலும், என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக ஒரு கூண்டு எப்போதும் காலியாக வைத்திருக்கிறேன்.

முயலின் நிலையையும் பார்க்க வேண்டும். 1953இல் பிரிட்டனில் பரவிய மிக்சோமடோசிஸ் என்னும் வைரஸ் நோய் முயல்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. பின்பு ஓரளவு மீண்டன. 2010இல் பிரான்சில் முதலில் காணப்பட்ட புதுவகை முயல் இரத்தக்கசிவு வைரஸ் மறுபடி பல இடங்களில் வளைகளை வெறுமையாக்கிவிட்டது. வேலை குறைந்த பின்னும் பழைய அளவிலேயே வேலை ஃபெரெட் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தால் அவை போவது காப்பகத்துக்கு, அல்லது தெருவுக்கு.

ஜூலை 8

தெருவுக்கு என்று எழுதியதற்கு, "காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இந்த இழையிலேயே என்னை மிகவும் கலங்கவைத்த வரி இது.

பெரும்பாலானவை பிழைக்காது. கூண்டில் வளர்ந்த ஃபெரெட் பசியாலோ வண்டியில் அடிபட்டோ நீர்வற்றியோ சில நாட்களில் சாகும். பிழைக்கும் இடங்களில் நடந்தது இன்னும் மோசம். நியூசிலாந்தில் முயல்களைக் கட்டுப்படுத்துவதற்காக 1880களில் ஆயிரக்கணக்கில் விட்டார்கள். முயல் குறைந்தபாடில்லை; தரையில் வாழும் பறவைகள் இரையாயின. முழு வளர்ச்சியடைந்த கிவியைக் கொல்லும் வல்லமை ஃபெரெட்டுக்கு உண்டு. 2002 முதல் அங்கு ஃபெரெட்டை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் தடை. வட அயர்லாந்தை ஒட்டிய ரத்லின் தீவிலும் முயலுக்காக விடப்பட்டவை பெருகி, வளைகளில் முட்டையிடும் பஃபின் முதலான கடற்பறவைகளை வேட்டையாடின. அவற்றை முழுதும் அகற்ற ஒரு பெருந்திட்டமே தேவைப்பட்டது. பிரிட்டனின் பெருநிலத்தில் வேறொரு கேடு: தப்பிய ஃபெரெட்டுகள் காட்டுப் போல்கேட்டோடு சேர்ந்து கலப்பு உண்டாக்குகின்றன.

வேலைக்குப் போகும் ஃபெரெட்டுக்கு இடங்காட்டிக் கழுத்துப்பட்டை கட்டாமல் வளையில் விடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். உள்ளே முயலைக் கொன்று தின்று உறங்கிவிட்ட ஃபெரெட்டை, இருட்டிவிட்டது என்று விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சினைப் பருவத்துப் பெட்டை ஒன்று அப்படித் தொலைந்தால் தொலைந்தது ஒன்றோடு நிற்காது.

செப்டம்பர் 2

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: இரண்டு பெட்டைகளுக்கும் மார்ச்சிலேயே ஊசி போட்டார், ஒன்றுக்கு ஜூலையில் லேசாக வீக்கம் திரும்பி மறுபடி மருத்துவரிடம் காட்டினார், இரண்டும் நலம். சென்ற ஆண்டுக் குட்டிகளில் மூன்றுக்கு வேலை செய்யும் வீடு கிடைத்துவிட்டது. மற்றவற்றைத் தானே வைத்துக்கொள்ளப் போகிறார். அவற்றில் பெட்டைகளுக்கு உள்வைப்பு இப்போதே வைக்கலாமா என்று கேட்கிறார்.

பகல் சுருங்கிவிட்டதால் இப்போது அவசரம் இல்லை. உள்வைப்பு தொடக்கத்தில் சில நாட்கள் ஹார்மோனைக் கூட்டிவிட்டுப் பிறகுதான் அடக்கும் என்பதாலும், இப்போது வைத்தால் அதன் காலத்தில் பல மாதங்கள் பருவமில்லாத குளிர்காலத்திலேயே கழிந்துவிடும் என்பதாலும், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ, வீக்கம் தோன்றும் முன் வைக்கும்படி உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். வைத்த தேதியைக் கூண்டிலேயே எழுதித் தொங்கவிடுங்கள். இரண்டாம் வசந்தம் வரும்போது அது இன்னும் வேலை செய்கிறதா என்பதை வாலடியைப் பார்த்துத்தான் அறிய முடியும். கடுவன் குட்டிகளை டிசம்பருக்குள் பிரித்துவிடுங்கள்.